பிரெண்டா வியா: ஒரு கோல் வித்தியாசத்தில் 12 ஆண்டுகள்

அமெரிக்க வாட்டர் போலோ வீராங்கனை பிரெண்டா வியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று ஸ்கோர்களை அடுக்கிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். 2000 சிட்னி இறுதி ஆட்டத்தில் 4–3. 2004 ஏதென்ஸ் அரையிறுதியில் 6–5. 2008 பெய்ஜிங் இறுதி ஆட்டத்தில் 9–8. மூன்று ஒலிம்பிக்கிலும் அமெரிக்கப் பெண்கள் வாட்டர் போலோ அணி ஒரே ஒரு கோலில் தங்கத்தைக் கோட்டைவிட்டது. மூன்று முறையும் வியா அணியில் இருந்தார். பிறகு 2012-இல் லண்டனில், 32 வயதில், நான்காவது ஒலிம்பிக்கில் தங்கம். விடாமுயற்சி, பொறுமை, கடைசியில் பலன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆட்டக் கணக்கை முழுசாக எடுத்து வைத்தால் இந்தக் கதை அவ்வளவு சுலபமாக நிற்காது. அதே அணிதான் ஏதென்ஸில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை 6–5 என்று வென்றது. 2007 மெல்போர்ன் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் அதே ஆஸ்திரேலியாவை மறுபடி 6–5 என்று வென்றது. பெய்ஜிங் அரையிறுதியில் இன்னொரு முறை ஆஸ்திரேலியாவை 9–8. 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் கனடாவை 7–6. ஒரு கோலில் தோற்ற ஆட்டங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு கோலில் ஜெயித்த ஆட்டங்களும் நிற்கின்றன. தங்கத்தைப் பறித்த தோல்விகள் ஒலிம்பிக்கில் நடந்தன, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் உலகமெல்லாம் பார்க்கும் இடத்தில். அதனால் அவை மட்டும் மனதில் தங்கிவிட்டன.

வியாவை ராசியில்லாமல் இருந்து கடைசியில் ராசி திரும்பியவராகப் படிப்பது தவறு என்பது என் கருத்து. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. 163 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர், உயரமும் கை நீளமும் எடையும் இவ்வளவு பேசும் விளையாட்டில், 12 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்? அதுவும் கலிஃபோர்னியாவில் இந்த விளையாட்டு பெரும்பாலும் வசதியான கடற்கரை ஊர்களின் சொத்தாக இருக்கும்போது, ரயில் யார்டுகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து எப்படி வந்தார்?

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளத்தில் மிதந்தபடி எதிரணியின் கோலுக்குள் பந்தை எறிவதுதான் வாட்டர் போலோ. ஒரு பக்கத்துக்கு 7 பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். குளத்தின் ஆழம் குறைந்தது 2 மீட்டர் இருக்க வேண்டும். தரையில் கால் ஊன்றக் கூடாது. கோல்கீப்பரைத் தவிர யாரும் பந்தை இரண்டு கைகளால் பிடிக்கக் கூடாது. கோல் கம்பம் 3 மீட்டர் அகலம், தண்ணீருக்கு மேலே 90 சென்டிமீட்டர் உயரம். கொஞ்சம் பெரிய தப்பு செய்தால், வியா ஆடிய காலத்தில், 20 நொடி வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் எதிரணி 6 பேரை வைத்து 5 பேரைத் தாக்கும். பாதி கோல் அப்படித்தான் விழுவதுபோலத் தோன்றும். நடுவர் கண்ணுக்குத் தெரிவது தண்ணீருக்கு மேலே நடப்பதுதான். கீழே உடையைப் பிடித்து இழுப்பது, முழங்காலால் இடிப்பது எல்லாம் சகஜம்.

முழு ஆட்டமும் மிதந்தபடியே நடக்கிறது. அதற்கு எக்பீட்டர் உதை என்று பெயர். இரண்டு கால்களும் எதிரெதிர்த் திசையில், ஆட்டுக்கல் குழவி சுற்றுவதுபோல் ஓயாமல் வட்டமடிக்க வேண்டும். அந்த உதையின் பலத்தில்தான் வீராங்கனை இடுப்பு தெரியும் அளவுக்கு மேலே எழும்பி எறிகிறார். இங்கேதான் உயரம் குறைந்தவருக்கு முதல் சிக்கல். கோலுக்கு நேர் எதிரே 2 மீட்டரில் முதுகைக் காட்டி நின்று மல்லுக்கட்டும் சென்டர் இடம் அவருக்குச் சரிப்படாது. தடுப்பாளரின் நீட்டிய கைக்கு மேலே எறிவதும் கஷ்டம். ஆகவே அவர் வெளி வட்டத்துக்கு வர வேண்டும். அங்கே நின்று பந்தை வாங்கியவுடன் எறியத் தெரிய வேண்டும், கோல்கீப்பர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று அரை நொடிக்கு முன்னால் தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக யாரிடம் பந்து போனால் ஆபத்து என்பதைப் படிக்க வேண்டும். வியா செய்தது இதைத்தான்.

காமர்ஸ் என்ற ஊர்

வியா 1980 ஏப்ரல் 18-இல் பிறந்தவர். பெற்றோர் மெக்ஸிகோவிலிருந்து குடியேறியவர்கள். வளர்ந்தது காமர்ஸ் நகரம். லாஸ் ஏஞ்சலஸ் மையத்திலிருந்து தென்கிழக்கே, சான்டா அனா ஃப்ரீவே நடுவில் கிழித்துக்கொண்டு போகும் சின்ன ஊர் அது. பெயருக்கு ஏற்றபடி தொழிற்சாலை, கிடங்கு, சரக்கு ரயில் பாதை. ஃப்ரீவேயில் போகிறவர்களுக்கு அந்த ஊரில் அடையாளம் தெரிவது ஒரே ஒரு விஷயம்தான்: பழைய டயர் தொழிற்சாலை ஒன்றின், அசீரிய அரண்மனைபோல் கட்டிய நீண்ட மதில். உள்ளே இப்போது ஷாப்பிங் வளாகம். அப்புறம் ஒரு பெரிய சீட்டாட்டக் கிளப்.

குடியிருப்பவர்கள் 13,000 பேருக்குள்தான். ஆனால் வேலைக்கு வந்து போகிறவர்களும் வரி கட்டும் நிறுவனங்களும் அதிகம். 1960-இல் தனி நகராட்சியாகப் பிரிந்ததற்கே காரணம் இந்தத் தொழில் வருமானம் பக்கத்துப் பெரிய நகரத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான். அந்தப் பணத்தை ஊர் என்ன செய்தது என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிக்கெட் இல்லாத நகரப் பேருந்து, நூலகங்கள், பூங்காக்கள், அப்புறம் ஒரு நல்ல நீச்சல் திட்டம். நகராட்சியே நடத்திய திட்டம் அது. உள்ளூர்க் குடும்பங்களுக்குச் செலவு மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு நீச்சல் மட்டும் கற்றுக்கொடுத்து நிறுத்தாமல், வாட்டர் போலோவையும் அந்தக் குளத்திலேயே வைத்திருந்தார்கள்.

மற்ற இடங்களில் இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். குளம் கட்டுவது, தண்ணீரைச் சூடாக வைத்திருப்பது, உயிர்காப்பாளர் சம்பளம் என்று எல்லாமே பணம். அதனால் அமெரிக்காவில் வாட்டர் போலோ தனியார் கிளப்களிலும், வசதியான பள்ளிகளிலும், சொந்தக் குளம் உள்ள பல்கலைக்கழகங்களிலும்தான் வேரூன்றியது. அப்பாவோ அம்மாவோ விளையாடியிருப்பார், பிள்ளையும் விளையாடும். லண்டனில் வியாவோடு தங்கம் வென்ற மேகி ஸ்டெஃபன்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அவருடைய அப்பா போர்ட்டோ ரிக்கோ அணிக்காக ஆடியவர், பெர்க்லி பல்கலைக்கழக நட்சத்திரம். அக்கா ஜெசிக்காவும் அதே ஒலிம்பிக் அணியில். இது குறையில்லை, பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். வியா வந்த வழி அப்படிப்பட்டதில்லை. 6 வயதில் நகராட்சிக் குளத்தில் நீச்சல், 8 வயதில் அண்ணன் பின்னாலேயே போலோ. அவ்வளவுதான்.

இது ஒரு தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பெய்ஜிங்கில் வெள்ளி வென்ற அதே அணியில் பாட்டி கார்டெனாஸும் இருந்தார். அவரும் காமர்ஸ் பெண். இத்தனூண்டு ஊரிலிருந்து ஒரே ஒலிம்பிக் அணியில் இரண்டு பேர்! வியாவின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. திறமை வேறு ஊரிலும் பிறந்திருக்கும். அங்கே குளம் இருந்திருக்காது. இன்றைக்கு அந்த ஊர் நீச்சல் மையத்துக்கு அவர் பெயர்தான்.

பையன்கள் அணியில் ஒரு பெண்

அவர் படித்த பெல் கார்டன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு வாட்டர் போலோ அணி கிடையாது. ஆகவே பையன்கள் அணியில் ஆடினார். அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் இந்தத் தகவல் பெருமையாக வரும். பையன்களோடு மோதியதால் பலம் வந்தது, வேகம் வந்தது என்பார்கள்.

ஓரளவு உண்மைதான். தன்னைவிட ஒரு தலை உயரமும் கனமும் உள்ளவர்களோடு தினமும் மல்லுக்கு நிற்கும்போது, பலத்தால் ஜெயிக்கலாம் என்ற எண்ணமே வராது. கையில் பந்து இருக்கும் நேரத்தைக் குறைக்கப் பழகுவோம். எதிராளி தொடும் முன் பந்து போய்விட்டால் அவருடைய உயரத்தால் என்ன பயன்? வியாவின் பிற்கால ஆட்டத்தில் இந்தப் பழக்கம் அப்படியே தெரிகிறது. ஆனாலும் பள்ளியில் பெண்கள் அணி இல்லாததை ஒரு வரம்போலப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பையன்கள் அணியில் இடம் கேட்டு வராமலே ஒதுங்கிய பெண்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தக் குறிப்பும் இருக்காது. தப்பித்து வந்தவரை மட்டும் பார்த்துவிட்டுப் பாதை நல்ல பாதை என்று முடிவு செய்யக் கூடாது.

நேரமும் அவருக்குச் சாதகமாக அமைந்தது. ஆண்கள் வாட்டர் போலோ 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. பெண்களுக்கு அந்த இடம் கிடைக்க நூறு வருஷம் ஆயிற்று. ஆஸ்திரேலிய வீராங்கனைகள் விடாமல் குரல் கொடுத்த பிறகுதான், 1997-இல், சிட்னியில் பெண்கள் போட்டி உண்டு என்று முடிவானது. வியாவுக்கு அப்போது 17 வயது. அவருக்கு முந்தைய தலைமுறையில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஒலிம்பிக் என்ற பேச்சே இல்லை. மரீன் ஓடூல் அந்தத் தலைமுறை. 1970-களின் கடைசியில் தேசிய அணிக்கு வந்து, உலகின் சிறந்த வீராங்கனை என்று பெயரெடுத்து, ஓய்வும் பெற்றவர். ஒலிம்பிக் வருகிறது என்றவுடன் திரும்பி வந்தார். சிட்னியில் அவருக்கு 39 வயது, ஒரு குழந்தைக்குத் தாய். அதே அணியில் வியாவுக்கு 20.

சிட்னி, கடைசி 13 நொடிகள்

2000 செப்டம்பர் 23. முதல் ஒலிம்பிக் என்பதால் 6 அணிகள்தான். இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும். அரங்கம் முழுக்க ஆஸ்திரேலியக் கூட்டம். இந்த விளையாட்டின் பெண்கள் ஆட்டத்துக்கு அதற்கு முன் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஸ்கோர் குறைவான, இறுக்கமான ஆட்டம். கடைசியில் ஆஸ்திரேலியா 3–2 என்று முன்னால் இருக்கிறது. கடிகாரத்தில் 13 நொடி. வியா எறிந்த பந்து உள்ளே போகிறது. 3–3. கூட்டம் அடங்கிவிட்டது. கூடுதல் நேரம்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆஸ்திரேலியா பந்தை எடுத்துக்கொண்டு மேலே வருகிறது. 1.3 நொடி மீதமிருக்கும்போது வெளியே நின்ற இவெட் ஹிக்கின்ஸ்மீது ஃபவுல்.

அப்போதைய விதிப்படி கோலிலிருந்து 7 மீட்டருக்கு வெளியே ஃபவுல் என்றால் ஃப்ரீ த்ரோவை நேராகக் கோலுக்கே எறியலாம். உள்ளே என்றால் யாருக்காவது கொடுத்துத்தான் ஆட வேண்டும், 1.3 நொடியில் அதற்கு நேரமே இல்லை. ஹிக்கின்ஸ் நேராகவே எறிந்தார். பந்து கோலுக்குள் போனது. 4–3. பெண்கள் வாட்டர் போலோவின் முதல் ஒலிம்பிக் தங்கம் ஆஸ்திரேலியாவுக்கு.

இந்த 13 நொடிகளைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோல்வி என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் முதல் ஒலிம்பிக் ஆடும் 20 வயதுப் பெண், அணியிலேயே உயரம் குறைந்தவர்களில் ஒருவர், எதிரணியின் சொந்த ஊரில், ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தைக் கேட்டு வாங்கி எறிந்திருக்கிறார். பயிற்சியாளர் கை பேக்கர் அடுத்த எட்டு ஆண்டுகளும் அவரைச் சுற்றியே அணியைக் கட்டியதில் ஆச்சரியம் இல்லை.

சிட்னி முடிந்ததும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம். அங்கேயும் நேரம் பொருந்தி வந்தது. கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த ‘டைட்டில் 9’ சட்டத்தால், பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளைக் கூட்டிக்கொண்டே வந்தன. அதன் தொடர்ச்சியாக 2001-இல்தான் பெண்கள் வாட்டர் போலோவுக்குத் தேசியப் பல்கலைக்கழகச் சாம்பியன்ஷிப் தொடங்கியது. முதல் வருஷம் இறுதி ஆட்டத்தில் யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 5–4 என்று ஸ்டான்ஃபோர்டை வென்றது. 2002-இல் ஸ்டான்ஃபோர்ட் 8–4 என்று திருப்பிக் கொடுத்தது. அந்த வருஷம் நாட்டின் சிறந்த பல்கலைக்கழக வீராங்கனைக்கான பீட்டர் கட்டினோ விருது வியாவுக்கு. 2003-இல் மறுபடி யுசிஎல்ஏ, 4–3. பாருங்கள், ஒரு கோல் இங்கேயும் விடவில்லை.

பட்டம் வாங்கியதும் எங்கே போவது?

படிப்பு முடிந்தால் அமெரிக்காவில் வாட்டர் போலோ வீராங்கனைக்குப் பிழைப்பு இல்லை. கூடைப்பந்துபோல் தொழில்முறை லீக் கிடையாது. தேசிய அணி பயிற்சி எடுத்தது தெற்குக் கலிஃபோர்னியாவின் லாஸ் அலமிட்டோஸில், ராணுவத் தளம் ஒன்றின் குளத்தில். கிடைத்த உதவித்தொகையில் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே பலர் ஒரு ஒலிம்பிக் ஆடிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த விளையாட்டில் நான்கு ஒலிம்பிக் என்பது உடம்பு தாங்குமா என்ற கேள்வி மட்டுமில்லை, வீட்டு வாடகைக் கேள்வியும்தான்.

வியா ஐரோப்பாவுக்குப் போனார். சிசிலித் தீவில் உள்ள கத்தானியா நகரத்தின் ஒரிசொன்தே கிளப், அப்போது ஐரோப்பாவிலேயே பலமான பெண்கள் அணிகளில் ஒன்று. ஏதென்ஸில் தங்கம் வென்ற இத்தாலிய வீராங்கனைகள் சிலர் அங்கேதான் ஆடினார்கள். அமெரிக்காவை அரையிறுதியில் 6–5 என்று வீழ்த்தியதும் அதே இத்தாலிதான். தன்னைத் தோற்கடித்தவர்களோடு ஒரே குளத்தில் தினமும் பயிற்சி! அவர் அங்கே கற்றது என்ன என்பதற்கு ஆவணம் தேட வேண்டியதில்லை. ஐரோப்பியப் பெண்கள் ஆட்டம் பொறுமையானது, உடல் உரசல் அதிகம், 6 பேருக்கு 5 பேர் என்ற நேரத்தில் பந்தைச் சுற்றவிடும் நேர்த்தி அதிகம். வெளி வட்டத்தில் நின்று ஆட்டத்தை இயக்குகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

நடுவில் விதிகளும் மாறின. 2005-இல் ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் 7 நிமிடம் என்பது 8 ஆனது. ஒரு தாக்குதலுக்கான நேரம் 35 நொடியிலிருந்து 30 ஆகக் குறைந்தது. நேராகக் கோலுக்கு எறியும் தூரமும் 7 மீட்டரிலிருந்து 5 ஆனது. ஆட்டம் வேகமெடுத்தது, கோல்கள் கூடின. சிட்னி இறுதி ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து 7 கோல், பெய்ஜிங்கில் 17. வெளியிலிருந்து சட்டென்று எறிகிறவர்களுக்கு இந்த மாற்றம் தோதானது. வியாவின் சிறந்த வருடங்கள் 2003-க்கும் 2009-க்கும் இடையில் அமைந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 2003 பார்சிலோனா, 2007 மெல்போர்ன், 2009 ரோம் என்று மூன்று உலகச் சாம்பியன் பட்டம். 2005 மாண்ட்ரியலில் ஹங்கேரியிடம் கூடுதல் நேரத்தில் தோற்று வெள்ளி. அந்தப் பத்தாண்டின் சிறந்த வாட்டர் போலோ வீராங்கனை என்று உலக நீச்சல் சம்மேளனத்தின் இதழ் அவரைத் தேர்ந்தெடுத்தது.

பெய்ஜிங்கை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஏனென்றால் ராசி என்ற விளக்கம் இங்கே சுத்தமாக எடுபடாது. இறுதி ஆட்டத்தில் எதிரணியான நெதர்லாந்து ஆரம்பத்திலேயே 4–0 என்று போய்விட்டது. அமெரிக்கா விரட்டிப் பிடித்து 8–8 ஆக்கியது. 26 நொடி இருக்கும்போது டானியெல் டி பிரெய்ன் அடித்து 9–8. அந்த ஆட்டத்தில் அது அவருடைய 7-வது கோல். ஒன்பதில் ஏழு ஒரே ஆளுடையது! ஒரே வீராங்கனையை 32 நிமிடம் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் அதற்குப் பெயர் துரதிர்ஷ்டம் இல்லை. தற்காப்பில் ஓட்டை, அவ்வளவுதான்.

லண்டன்: அணிக்குள் வேலை மாறிய கதை

பெய்ஜிங்கோடு கை பேக்கர் விலகினார். 2009-இல் யுசிஎல்ஏ-விலிருந்து ஆடம் கிரிகோரியன் வந்தார். வியாவுக்கு 29 வயது. பதக்க அலமாரியில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். புதுப் பயிற்சியாளர் வந்த வருஷமே ரோமில் உலகப் பட்டம் கிடைத்தது. பிறகு சரிவு. 2011 ஷாங்காய் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆறாவது இடம். அதே வருஷம் குவாதலஹாரா பான் அமெரிக்கன் போட்டியில் லண்டனுக்கான இடத்தைப் பிடிக்கக் கனடாவை வெல்ல வேண்டியிருந்தது. ஆட்டம் பெனால்டிக்குப் போய், முடியாமல் நீண்டுகொண்டே போய், கடைசியில் 27–26. ஸ்கோரைத் தப்பாக எழுதவில்லை, இருபத்தேழுக்கு இருபத்தாறு. அந்த ஒன்று மாறியிருந்தால் இன்னொரு தகுதிப் போட்டிக்கு அலைந்திருக்க வேண்டும்.

லண்டனில் வியா கேப்டன். ஆனால் கோல் அடிக்கும் முதன்மைப் பொறுப்பு அவரிடம் இல்லை. அது 19 வயது மேகி ஸ்டெஃபன்ஸிடம் போயிருந்தது. முதல் ஆட்டத்திலேயே ஹங்கேரிக்கு எதிராக ஸ்டெஃபன்ஸ் 7 கோல். அமெரிக்கா ஜெயித்ததோ 14–13. மொத்தப் போட்டியில் 21 கோல், பெண்கள் ஆட்டத்தில் அப்போதைய ஒலிம்பிக் சாதனை. சென்டரில் கேமி கிரெய்க், கோலில் பெட்ஸி ஆம்ஸ்ட்ராங். சிட்னியில் 39 வயது ஓடூலுக்குப் பக்கத்தில் 20 வயது வியா இருந்த இடத்தில், இப்போது 32 வயது வியாவுக்குப் பக்கத்தில் ஸ்டெஃபன்ஸ்.

என்னைக் கேட்டால் வியாவின் விளையாட்டு வாழ்க்கையில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். பத்து வருஷம் அணியின் முக்கிய ஸ்கோரராக இருந்தவர்களுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்த பிறகும் அணிக்குள் பயனோடு இருப்பது லேசில் வராது. பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில் ஓய்வை அறிவிப்பார்கள், இல்லையென்றால் பந்தை விடமாட்டார்கள். அவர் இரண்டும் செய்யவில்லை. உயரத்தையும் வேகத்தையும் நம்பி ஆடியவராக இருந்திருந்தால் 32 வயதில் கொடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. அவர் நம்பியது ஆட்டத்தைப் படிப்பதை. அது வயதோடு கூடும்.

அரையிறுதி, ஆகஸ்ட் 7. எதிரே ஆஸ்திரேலியா. 9–8 என்று அமெரிக்கா முன்னால். மீதமிருப்பது ஒரே நொடி. பந்து தங்கள் கையில் என்று நினைத்துக் கிரிகோரியன் டைம் அவுட் கேட்டார். பந்து ஆஸ்திரேலியாவுடையது. பந்து கையில் இல்லாத அணி டைம் அவுட் கேட்டால் எதிரணிக்கு பெனால்டி; விதி அப்படி. ஆஷ் சதர்ன் அடித்தார். 9–9.

நிறையப் பேர் அந்த நேரத்தில் சிட்னியை நினைத்திருப்பார்கள். அதே எதிரணி, அதே கடைசி நொடி, இந்த முறை தங்கள் பெஞ்சே கொடுத்த பரிசு. கூடுதல் நேரம் 3 நிமிடம் வீதம் இரண்டு பகுதி. அதில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோல்கூட விடாமல், அமெரிக்கா இரண்டு அடித்து 11–9 என்று வென்றது. தவறு தன்னுடையது என்று கிரிகோரியன் பிறகு வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். சிட்னி குளத்தில் இருந்த இரண்டு பேர் இந்த அணியிலும் இருந்தார்கள்: வியா, இன்னொருவர் ஹெதர் பெட்ரி. இருவருக்கும் அது நான்காவது ஒலிம்பிக். ஒரு நொடியில் ஆட்டம் கை நழுவுவது எப்படி இருக்கும் என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

ஆகஸ்ட் 9 இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக அதிகப் பதற்றம் இல்லை. 8–5. ஸ்டெஃபன்ஸ் மட்டும் 5. ஆக, அந்தப் போட்டியின் உண்மையான இறுதி ஆட்டம் இரண்டு நாள் முன்பே முடிந்துவிட்டது. சதர்ன் அடித்த பெனால்டிக்குப் பிறகு அந்த 6 நிமிடம் வேறு மாதிரிப் போயிருந்தால், நான்காவது முறையும் கோட்டைவிட்டவர் என்று வியாவைப் பற்றி எழுதியிருப்பார்கள். ஆட்டமும் ஆளும் அதேதான், தீர்ப்பு மட்டும் தலைகீழாகியிருக்கும்.

கணக்கு எப்படிப் போடுவது

ஒலிம்பிக்கில் வியா அடித்தது மொத்தம் 31 கோல். இத்தாலியின் தானியா தி மாரியோ 47. ஸ்டெஃபன்ஸ் பிறகு அந்த எண்ணையும் தாண்டிப் பட்டியலின் உச்சிக்கே போய்விட்டார். இந்தப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு வியாவைப் பத்தாண்டின் சிறந்த வீராங்கனை என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருப்பார்கள். டி பிரெய்னுக்கோ தி மாரியோவுக்கோ கொடுத்திருக்கலாம் என்று வாதிடவும் இடம் இருக்கிறது. நானும் கோல் கணக்கை வைத்து வியாவுக்காகப் பேச மாட்டேன். 2000 முதல் 2012 வரை நடந்த நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்க மேடை ஏறிய பெண்கள் அணி அமெரிக்கா ஒன்றுதான். பயிற்சியாளர் மாறினார், விதி மாறியது, சுற்றி இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் மாறினார்கள். மாறாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கேப்டன்.

லண்டனுக்குப் பிறகு அவர் ஆடவில்லை. பாலோ ஆல்ட்டோவில் ஒரு பெண்கள் பள்ளியில் பயிற்சியாளராக இருந்தார். வாட்டர் போலோ எட்டிப் பார்க்காத பகுதிப் பிள்ளைகளுக்கு அதைக் கொண்டுபோக, சிலரோடு சேர்ந்து ‘ப்ராஜெக்ட் 2020’ என்ற அமைப்பைத் தொடங்கினார். 2018-இல் சர்வதேச நீச்சல் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அமெரிக்க அணி 2016-இலும் டோக்கியோவிலும் மறுபடி தங்கம் வென்றது. 2024 பாரிஸில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் நெதர்லாந்திடம் கடைசி நொடியில் தோற்றது. ஸ்கோர் 11–10.